எனக்கு மட்டும் வந்த புது லேப்டாப்

செப்டம்பர் 24, புதன்

புது லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும்.

எங்கள் பிரிவில் ஆறு பேர். எல்லோரிடமும் ஒரே மாதிரி கனத்த பழைய லேப்டாப். மெய் லிங் ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறாள். அவளுடையதில் ஒரு விசை உடைந்துபோய், அந்த இடத்தில் ரப்பர் துண்டை ஒட்டி வைத்துத் தட்டுகிறாள். அவளுக்குக் கொடுக்கவில்லை. புரோபேஷன்கூட முடியாத எனக்குக் கொடுக்கிறார்கள். நவம்பர் நாலாம் தேதி என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறவர்கள், அதற்கு ஆறு வாரம் முன்னால் புதுச் சாமான் ஏன் கொடுக்க வேண்டும்?

ஐ.டி. ஃபாரிட் கொண்டுவந்து வைத்தான். யார் கேட்டது என்றேன். அப்ரூவ் ஆகி வந்தது, தான் தூக்கிக்கொண்டு வருகிறவன் மட்டும்தான் என்றான், வழக்கமான 'லா'வோடு. பழையதை 'அப்டேட்' என்று சொல்லிக் காலையிலேயே வாங்கிப் போயிருந்தான். அதில் இருந்த எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டானாம்.

எல்லாவற்றையும் என்றால்?

போன வருடம் எங்கள் பிரிவில் ஒருவனுக்கு இப்படித்தான் திடீரென்று லேப்டாப்பை மாற்றினார்கள் என்று மெய் லிங் சொன்னாள். மூன்றாவது வாரம் அவன் இல்லை. பழையதை வாங்கி, உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

படித்த காலத்து நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. இனி எழுதுவதை இதில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஒரு நாள் வைத்துப் பார்த்ததில் —

கனமே இல்லை. கொமியூட்டர் ரயிலில் கிள்ளான் வந்து சேர்வதற்குள் பைக்குள் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். மூடியை ஒரு விரலால் திறக்கலாம். பழையதற்கு இரண்டு கையும் வேண்டும். விசைகளில் சத்தம் இல்லை. விசிறியும் இரையவில்லை. பழையது ஒரு படத்தைத் திறப்பதற்குள் மூச்சு வாங்கும், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காதால் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம். இது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற மாதிரிக் காட்டிக்கொள்கிறது.

எனக்குப் பிடிக்காதது காமெரா. பழையதில் அது கெட்டுப்போயிருந்தது. கூட்டங்களில் மற்றவர்கள் முகம் தெரியும், என் இடத்தில் ஒரு வட்டமும் அதற்குள் என் முதலெழுத்தும் மட்டும் இருக்கும். ஐந்து மாதம் அந்த வட்டத்துக்குப் பின்னால் நிம்மதியாக இருந்தேன். இதில் முகத்தைக் காட்டினால்தான் உள்ளேயே விடுகிறது. மூடியைத் தூக்கியதும் ஒரு கணம் என்னைப் பார்க்கிறது, பிறகு பெயர் சொல்லி வரவேற்கிறது. வாசலில் காவலாளி நிறுத்திப் பார்க்கிற மாதிரி.

முகுந்தன் அண்ணன் மேசைப் பக்கம் வந்தார். எங்கள் சூப்பர்வைசர். கிள்ளான்காரர், அப்பாவுக்குத் தெரிந்தவர். டிகிரி முடித்துவிட்டு ஏழு மாதம் நான் சூப்பர்மார்க்கெட்டில் காஷியராக நின்றபோது, என் ரெசுமேயை வாங்கிக்கொண்டு போய் இங்கே கொடுத்தவர் அவர்தான்.

"என்னம்மா, பிளேன் ஓட்டுற மாதிரி இருக்கா?" என்றார்.

சிரித்தேன். அவருக்கு எதற்கும் நான் சிரிப்பதுதான் பதில்.

செப்டம்பர் 26, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் வேலை என்னவென்று அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை. லோரி ஓட்டுகிறவருக்கு, காரைக் 'காடி' என்கிற எங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னேன்: காடி இடிபட்டால் ஒர்க்‌ஷாப் பில் போடும், படம் எடுத்து அனுப்பும். இன்சூரன்ஸ் காசு கொடுப்பதற்கு முன்னால் பில்லும் படமும் போலீஸ் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகிறதா என்று எங்கள் ஆபீஸ் பார்க்கும். "அப்ப நீ சந்தேகப்படுறதுக்குச் சம்பளம் வாங்குற" என்றார். அது சரிதான்.

ஆனால் சந்தேகப்பட்டதைச் சொல்வதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. சேர்ந்த புதிதில் இரண்டு தடவை சொன்னேன். ஒரே கீறலை இரண்டு காடிக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று. முகுந்தன் அண்ணன் நல்ல முகத்தோடுதான் சொன்னார் — "நீ கீ-இன் பண்ணு புள்ள, போதும். பாஸ் பண்றது நான்." அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

வாயைத்தான் மூடினேன். கண்டதையெல்லாம் தமிழில் ஒரு எக்செல் ஃபைலில் எழுதி வைத்தேன். தமிழ் என்பதால் ஆபீஸில் யாருக்கும் புரியாது. முகுந்தன் அண்ணன் மலாய்ப் பள்ளியில் படித்தவர், பேசுவதோடு சரி. அப்படியும் மனம் கேட்காமல், ஃபைலுக்கு 'முறுக்கு ரெசிப்பி' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில். நாற்பத்தொரு வரி சேர்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே ஒர்க்‌ஷாப், தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில்.

இன்று நாற்பத்திரண்டாவது எழுதலாம் என்று திறந்தால் இந்த லேப்டாப்பில் தமிழே அடிக்க வரவில்லை. பழையதில் நானே போட்டிருந்தேன். இதில் எதைச் சேர்ப்பதானாலும் ஃபாரிட்டின் அனுமதி வேண்டும். அவனிடம் போய்த் தமிழ் கீபோர்டு வேண்டும் என்று கேட்டால், எதற்கு என்று கேட்பான்.

கேட்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. வேலை முடிந்து வந்து, லேப்டாப்பை சாமி மேசையில் வைக்கச் சொல்லி அம்மா பிடிவாதம். ஆபீஸ் சாமான் என்றேன். "ஆபீஸ் சோறுதானே போடுது" என்றாள். அப்பாவின் லோரி சாவிக்குப் பக்கத்தில் அதுவும் உட்கார்ந்தது.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் ஆபீஸில் மூடியைத் திறந்தால் என்னைத் தெரியவில்லை என்கிறது. மூன்று தடவை. நான்காவது தடவை, உதவிக்கு நிர்வாகியை அழைக்கவும் என்று எழுத்து வந்தது. முடிந்தது, வெளியே தள்ளிவிட்டார்கள், மெய் லிங் சொன்ன மூன்றாவது வாரத்துக்கு முன்பே —

ஃபாரிட் வந்து குனிந்து பார்த்தான். நகத்தால் சுரண்டினான். இது என்ன, கறியா என்று கேட்டான்.

சந்தனம். அம்மா மூடிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்தது எனக்குத் தெரியும். திறந்து, உள்ளேயும் ஒன்று வைத்திருக்கிறாள், நடு நெற்றி என்று நினைத்து, சரியாகக் காமெராவின் மேல்.

மெய் லிங் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஃபைல்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேகப் படம் இருக்கிறதே, அது என்ன என்று இன்றுதான் ஃபாரிட்டைக் கேட்டேன். பழைய லேப்டாப்பில் என் பெயரில் தனி இடம் போட்டிருக்கவில்லையாம். அதனால் என்னுடையதை எல்லாம் பிரிவின் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டானாம். பத்திரமாக இருக்கும் என்றான்.

பொது ஃபோல்டரை யாரெல்லாம் பார்க்கலாம்?

ஆறு பேர். முகுந்தன் அண்ணன். பிரிவுத் தலைவி கே.ஒய்.

மெய் லிங்கின் படங்களுக்கும் முகுந்தன் அண்ணனின் லீவு ஃபாரங்களுக்கும் நடுவில் 'முறுக்கு ரெசிப்பி' உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு நாளாக.

அழித்துவிடலாம் என்று போனேன். அழித்தால் எல்லோருக்கும் 'குமுதா இந்த ஃபைலை அழித்தாள்' என்று அறிவிப்பு போகுமாம். பெயரை மாற்றினாலும் போகுமாம். யார் இப்படி ஒரு சாமானைச் செய்கிறார்கள்? பழையதில் ஒன்றை அழித்தால் அழிந்தது, அவ்வளவுதான்.

தமிழ்தானே. யாருக்கும் படிக்கத் தெரியாது. இருக்கட்டும்.

அக்டோபர் 8, புதன்

மணி பதினொன்று இருக்கும். மனம் கேட்காமல் ஃபைலைத் திறந்தேன். மூன்றாம் வரியில் ஒரு பச்சைக் கட்டம், வேறு யாரோ அங்கே இருப்பதாக. மேலே வட்டத்துக்குள் இரண்டு எழுத்து. கே.ஒய்.

கனகேஸ்வரி யோகநாதன். யாழ்ப்பாணத்து வழி, பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். யாராவது தமிழில் வணக்கம் சொன்னால்கூட ஆங்கிலத்தில்தான் பதில். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது இந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

பச்சைக் கட்டம் அசையவில்லை. தெரியாமல் திறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அது நான்காம் வரிக்கு இறங்கியது. அங்கே நின்றது. பிறகு ஐந்தாம் வரி.

என் மேசையிலிருந்து அவர் அறைக் கண்ணாடி தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டம் ஆறாம் வரிக்கு வந்தது.

படிக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

நான் மூடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது — நான் அவர் கட்டத்தைப் பார்த்தால், அவரும் என் கட்டத்தைப் பார்த்திருப்பார்.

அக்டோபர் 10, வெள்ளி

வீட்டிலிருந்து வேலை. காலையில் திறந்தேன், பச்சைக் கட்டம் பதினெட்டில். சாப்பிட்ட பிறகு இருபத்து மூன்றில்.

இருபத்தாறாவது வரியில் நான் எழுதியது எனக்கு மனப்பாடம். 'பம்பர் மாற்றியதாக பில். படத்தில் பழைய பம்பர். கே.ஒய். கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவர் எதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார்.'

மூன்று மணிக்குக் கட்டம் இருபத்தாறில் இருந்தது. நாலு மணிக்கும் இருபத்தாறில்.

அம்மா அச்சு முறுக்கா, கை முறுக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறதாம். எனக்கு அந்த வார்த்தையே வேண்டாம்.

அக்டோபர் 13, திங்கள்

கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

பேசியது தமிழ். எனக்கு ஒரு கணம் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"முறுக்கு எண்டு இருந்தது, தீபாவளிக்கு உதவும் எண்டு திறந்தனான். இதை எழுதினது நீர்தானே?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும். அப்பா சனிக்கிழமையில வச்சுச் சொல்லித் தந்தவர். கதைக்கத்தான் மாட்டன். நான் கதைச்சா இங்க எல்லாரும் சிரிப்பினம்."

நான் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இருபத்தாறாவது வரி. அது பொய்யோ?"

"இல்ல மேடம்."

"பிறகேன் அழுறீர்?"

டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பெயர் இல்லாத தாளை அவர் ஆடிட்டுக்கு அனுப்ப மாட்டார். என் பெயரைப் போட வேண்டும். இதில் இல்லாதது வேறு ஏதாவது தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதிக்குள். போடாவிட்டால் என்று கேட்டேன்.

"போடாட்டி அது முறுக்கு ரெசிப்பிதான். நான் மூடிவிடுறன். உம்மட புரோபேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

சம்பந்தமில்லை என்று எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் மாட்டிக்கொண்டிருக்கிறது. தன்னையே மாட்டிவிடும் தாளை யாராவது மேலே அனுப்புவார்களா? என் பெயரை வாங்கிக்கொண்டு, பழி போட ஒரு ஆளைத் தயார் செய்கிறாரா? லேப்டாப்பும் இவர் கொடுத்ததுதானா?

நல்லவர் மாதிரித்தான் இருந்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

நாற்பத்தொரு ஃபைலின் படங்களையும் திரும்பப் பார்க்கிறேன். பெயரைப் போடுவதானால் தப்பு இருக்கக் கூடாது. போடுவேன் என்று இன்னும் சொல்லவில்லை, பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இந்தத் திரை வேறு மாதிரி. பழையதில் கறுப்புக் காடி என்றால் கறுப்பு. இதில் கறுப்புக்குள்ளே கூரை தெரிகிறது, குழல் விளக்கு தெரிகிறது. பெரிதாக்கினால் கலங்காமல் வருகிறது.

ஜூலை மாத ஃபைல் ஒன்று. தெலுக் பங்லிமா காராங் ஒர்க்‌ஷாப், கறுப்புக் காடி, இடது கதவு. கதவின் பளபளப்பில் எதிரே நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் காடி. நம்பர் பிளேட் தலைகீழாக இல்லை, இடவலமாகத் திரும்பி இருந்தது. படத்தைத் திருப்பிப் போட்டேன்.

7714.

முகுந்தன் அண்ணனோடு அந்தக் காடியில் நான் எத்தனை தடவை கிள்ளானுக்குப் போயிருக்கிறேன். முன் கண்ணாடியில் மஞ்சள் வேல். அதுவும் தெரிந்தது.

காடி ரிப்பேருக்குப் போயிருக்கலாம். மனிதன் காடியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது குற்றமா?

ஃபைலைப் பாஸ் பண்ணுகிறவர் ஒர்க்‌ஷாப் பக்கம் கால் வைக்கக் கூடாது. இதைச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முகுந்தன் அண்ணன்.

அக்டோபர் 16, வியாழன்

ஆகஸ்ட் படத்திலும் இருக்கிறது. செப்டம்பரில் இரண்டு. ஒன்றில் ஆளே தெரிகிறார், முதுகு மட்டும், கையில் போன் பிடித்து யாருக்கோ எங்கே நின்று எடுப்பது என்று காட்டுகிற மாதிரி.

அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை நேற்றும் போட்டிருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் பசியாறவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கே.ஒய்.க்கு ஒர்க்‌ஷாப்பைப் பற்றி மட்டும்தான் தெரியும். நாற்பத்தொரு வரியில் முகுந்தன் அண்ணன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நான் எழுதவே இல்லை. அவரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை எனக்கு. எல்லோரையும் சந்தேகப்பட்டேன், ஃபாரிட்டை, மெய் லிங்கை, லேப்டாப்பை.

நாற்பத்தொரு வரியோடு பெயரைப் போட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் கேள்வி வரும். நாற்பத்திரண்டை எழுதினால் அவர் வேலை போகும். இதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மதியம் முகுந்தன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். வருடா வருடம் போவதுதான், வேலை கிடைத்த பிறகு இது முதல் தடவை என்பதால் அம்மா ஒரு சேலை வாங்கி வைத்திருந்தாள், அவர் மனைவி வள்ளியம்மா அக்காவுக்கு. வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "நன்றி கெட்ட புள்ளையா நீ?" என்றாள். போனேன்.

வாசலெல்லாம் செருப்பு. ஆட்டுக்கறி, கூட்டம், ஸ்பீக்கரில் பாட்டு. வள்ளியம்மா அக்கா என் தட்டில் அவரே வைத்து வைத்து நிரப்பினார். அம்மா எல்லோரிடமும் நான் டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முகுந்தன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒருவரிடம் காட்டினார். "இதுதான் நம்ம ஆபீஸ் புள்ள. கண்ணு ரொம்ப ஷார்ப்பு. மச்சான், பாத்து நடந்துக்க."

வள்ளியம்மா அக்காவின் தம்பியாம். பெயர் கமலநாதன். தெலுக் பங்லிமா காராங் பில்களின் அடியில் அந்தப் பெயரை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஆள் இப்படி இருப்பார் என்று நினைக்கவில்லை. மெலிந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"அப்ப நம்ம பில்லையெல்லாம் கொஞ்சம் நல்ல கண்ணால பாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பழக்கம்.

கை கழுவப் போகும்போது முகுந்தன் அண்ணன் பக்கத்தில் வந்து, புது லேப்டாப் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்குண்ணே என்றேன்.

"மூணு தடவ ஃபாரம் போட்டேன் தெரியுமா? ரெண்டு தடவ ரிஜெக்ட். அந்தப் பழசுல நீ மூக்க திரைல ஒட்டிக்கிட்டுப் பாக்கறத பாத்தாலே எனக்குக் கண்ணு வலிக்கும். உங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்ல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவரே கையை நீட்டி மூடினார்.

அக்டோபர் 21, செவ்வாய்

அவருக்குத் தெரியாதா? அந்தத் திரையில் எதெல்லாம் தெரியும் என்று? நான் எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பேன் என்று தெரிந்த மனிதர்தானே. தெரிந்தே கொடுத்தாரா? என்னை எப்போதும் கீ-இன் பண்ணுகிற பெண்ணாகத்தான் நினைத்தாரா? கண் வலிக்கும் என்று நினைத்தது மட்டும் உண்மையா?

எல்லாமே உண்மையாக இருந்தால்?

லீவு போட்டிருக்கிறேன். நாளை கடைசி நாள்.

அக்டோபர் 22, புதன்

ஃபாரிட்டின் மேசைக்குப் போய், தமிழ் கீபோர்டு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தான். இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டான்.

42. '7714 எண்ணுள்ள வெள்ளைக் காடி கீழ்க்கண்ட நான்கு படங்களில் தெரிகிறது. இது எங்கள் சூப்பர்வைசர் முகுந்தனுடையது. ஒர்க்‌ஷாப் உரிமையாளர் அவர் மைத்துனர்.'

'அண்ணன்' என்று அடித்து, அழித்துவிட்டு, மறுபடி அடித்து, மறுபடி அழித்தேன். அதற்கே பத்து நிமிடம்.

அடியில் என் பெயர். குமுதா பரமேஸ்வரன்.

அவர் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, தீபாவளிப் பலகாரத்தை மெய் லிங்குக்கு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 24, வெள்ளி

கே.ஒய். என் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். சரியா என்று பார்க்கச் சொன்னார். இருபத்தாறாவது வரியைத் தேடிப் போனேன். குறைத்து எழுதியிருப்பார் என்று. ஒரு வார்த்தை மாற்றவில்லை. 'எதையும்' என்பதற்குக்கூட நேர் வார்த்தை போட்டிருந்தார்.

அவர்மேல் நான் பட்ட சந்தேகத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று முகுந்தன் அண்ணனை மேலே கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம். வந்து சாமான்களை ஒரு பெட்டியில் போட்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம்.

பெட்டியோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கேட்டிருந்தா என்னண்ணே சொல்லியிருப்பீங்க என்று எனக்குப் பதில் தோன்றியது, ஆனால் சுபாங் ஜெயா தாண்டி, வீடு திரும்பும் ரயிலில்.

அக்டோபர் 29, புதன்

காய் வாங்கப் போன பாசாரில் வள்ளியம்மா அக்கா அம்மாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விட்டாராம். அம்மா வந்து என்னிடம் கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும்.

"அவரு இல்லேனா நீ இன்னும் கவுண்டர்லதான் நின்னுக்கிட்டு இருப்ப."

ஆமாம் என்றேன்.

"அவரு வீட்ல ரெண்டாவது தடவ சோறு போட்டுச் சாப்ட்ட."

அதுக்கும் ஆமாம் என்றேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

நிரந்தரம். கடிதம் கொடுத்தார்கள். கே.ஒய்.க்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, எச்சரிக்கைக் கடிதம் என்று மெய் லிங் சொல்கிறாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மெய் லிங் இப்போது சாப்பிடப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் வந்தால் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறாள்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர்களோடு முதல் கூட்டம். காமெராவைத் திறந்து வைத்துப் பேசினேன். ஏழு நிமிடம். குரல் நடுங்கியது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நவம்பர் 19, புதன்

இரவு சாப்பாட்டின்போது அப்பா என் பக்கம் பார்க்காமல் பேச்சைத் தொடங்கினார் — திங்களன்று. இன்றுவரை எழுதாமல் வைத்திருந்தேன்.

சுகுமாறன் சித்தப்பாவின் காடி போன வாரம் ஷா ஆலமில் இடிபட்டது. க்ளெய்ம் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறதாம். சித்தப்பா தப்பானவர் இல்லை, எனக்குத் தெரியும். பின்கதவு ஏற்கனவே கொஞ்சம் நசுங்கியிருந்ததாம், இதோடு சேர்த்து ஒர்க்‌ஷாப் அதையும் பில்லில் போட்டுவிட்டதாம். "நம்ம ஆளுதானே. சும்மா ஒரு பார்வ பாத்து விட்டுடு" என்றார். அம்மா என் தட்டில் மீன் துண்டை வைத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளாக வைத்தது.

சரிப்பா என்று சொன்னேனா? சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

நேற்று ஃபைல் என் பெயருக்கு வந்தது. நாள் முழுக்க மற்றதையெல்லாம் முடித்தேன், அதைத் தொடவில்லை. முகுந்தன் அண்ணனுக்கும் முதல் ஃபைல் எப்படி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்திருக்குமா? யார் சொல்லியிருப்பார்கள்?

இன்று காலை கே.ஒய். அறைக்குப் போனேன். இந்த ஃபைலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இவர் எங்கள் சித்தப்பா என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திறந்து பார்த்தனீரோ?"

"இல்ல மேடம்."

"திறக்காதையும்" என்றார். மெய் லிங்கின் பெயருக்கு மாற்றினார்.

மெய் லிங் மதியம் அதைத் திறந்தாள். அவள் திரையை இந்தத் தடவை சாய்க்கவில்லை. பின்கதவுப் படத்தில் அவள் நின்றது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும், என்னாச்சு என்று அப்பா கேட்டார். என்னிடம் இல்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். சித்தப்பாவுக்கு அவரே போன் செய்துகொண்டிருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. என் பெயர் இரண்டு தடவை கேட்டது.